பரணில் தொங்கிய பெடல்

என்னிடம் ஒரு டிஸ்டார்ஷன் பெடல் இருக்கிறது. சோப்பு டப்பாவைவிடக் கொஞ்சம் பெரிய இரும்புப் பெட்டி. கிதாருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் மாட்டிக் காலால் மிதித்தால், அதுவரை ஒழுக்கமாக இருந்த கிதார் தொண்டை கட்டியவன் மாதிரி கத்த ஆரம்பிக்கும். மேலே மூன்று குமிழ்கள். ஒன்று கத்தலைக் கூட்ட, ஒன்று சத்தத்தைக் கூட்ட. மூன்றாவது குரலின் கூர்மைக்கு என்பார்கள். அதைத் திருகினால் எனக்குப் பெரிய வித்தியாசம் ஒன்றும் கேட்டதில்லை. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு, தலையை ஆட்டிக்கொண்டு திருகுவேன். பார்ப்பவர்களுக்கு மரியாதை வரும்.

கொடைக்கானலில் ஒரு சாக்லேட் கடையில் எடை போட்டுக் கட்டிக் கொடுப்பது என் பிழைப்பு. சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் ஒரு விடுதியின் புல்வெளியில் கிதார் வாசிக்கிறேன். விருந்தினர்கள் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். பெடலை மிதித்து ஒரு சுரத்தை இழுத்துப் பிடித்தால், நாதஸ்வரத்தின் பக்கத்துத் தெரு வரைக்கும் போய்விடலாம். அதன் வீட்டுக்குள் போகிற அளவுக்கு எனக்கு வித்தை போதாது. இருந்தாலும் வாரத்தில் அந்தக் கொஞ்ச நேரம்தான் என்னை யாரும் “அண்ணே, அரைக் கிலோ” என்று கூப்பிடாத நேரம்.

அதற்குத்தான் ஆபத்து வந்தது. எங்கள் மலையில் மேகம் வாசலில் நின்று அனுமதி கேட்காது. நேராக உள்ளே வந்து அலமாரியில் மடித்து வைத்த சட்டையைப் போட்டுப் பார்த்துவிட்டுப் போகும். பெடலுக்குள்ளும் போயிருக்கிறது. ஒரு சனிக்கிழமை, புதுசாகக் கல்யாணமான ஜோடி கேட்ட மெல்லிய பாட்டின் நடுவில், குமிழைத் தொட்டதும் கரகரவென்று ஒரே இரைச்சல்.

விடுதி மேனேஜர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். “தம்பி, நீங்க பாட்டு வாசிக்கிறீங்களா, அப்பளம் பொரிக்கிறீங்களா?”

“ஈரம் சார். சரியாயிரும்.”

“அடுத்த வாரம் பழனியிலேர்ந்து ஒரு குடும்பம் வருது. அறுபதாம் கல்யாணம் முடிச்ச கையோட வர்றாங்க. அன்னைக்கும் இப்படிக் கேட்டுச்சுன்னா, அப்புறம் நாங்க போன்லயே பாட்டுப் போட்டுக்கிறோம்.”

நான் பக்கத்து ஊரான வடகவுஞ்சியில் வீட்டோடு மாப்பிள்ளை. அதாவது, என் கஷ்டம் எதுவும் என் கஷ்டமாக மட்டும் இருக்க முடியாது. அன்றைக்குச் சோறு போடும்போதே அத்தை, அதாவது என் மாமியார், தீர்ப்பு சொல்லிவிட்டார்.

“ஈரந்தானே மாப்ள? பரண்ல கட்டி விடுங்க. ஒரு வாரம் புகை பட்டா எது கெட்டுப்போவும்?”

எங்கள் வீட்டில் விறகடுப்புக்கு மேலே பரண். மலைப்பூண்டைத் தாளோடு கட்டுக் கட்டாக அங்கே தொங்கவிடுவோம். அடுப்புப் புகை ஏற ஏறப் பூண்டு காய்ந்து, அடுத்த நடவு வரைக்கும் முளைக்காமல் அழுகாமல் கெடக்கும். ஊரில் எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம். எனக்கும் அந்த யோசனை ரொம்ப விஞ்ஞானமாகப் பட்டது. பூண்டையே காப்பாற்றுகிற புகை, இரும்புப் பெட்டியைக் காப்பாற்றாதா? சணலில் கட்டி, இரண்டு பூண்டுக் கட்டுகளுக்கு நடுவில் நானே தொங்கவிட்டேன்.

சனிக்கிழமை கடைக்கு லீவு சொல்லிவிட்டு வெள்ளனே இறக்கினேன். ஈரம் சுத்தமாகப் போயிருந்தது. அதற்குப் பதிலாக, புகையின் பிசின் பெட்டி முழுக்கப் படிந்திருந்தது. குமிழ்கள் திரும்ப மறுத்தன. மிதிக்கும் பொத்தான் அமுங்கியது, மேலே வர மனமில்லாமல் அங்கேயே உட்கார்ந்துகொண்டது. கடைசல்காரன் கருங்காலியில் செய்து கொடுத்த மாதிரி ஒரு பளபளப்பு வேறு.

மனைவி மோந்து பார்த்தாள். “ஏங்க, இதைத் தட்டி ரசத்துல போட்டுறலாமா?”

“சிரிக்காத. சாயங்காலம் வாசிக்கணும்.”

“அந்த ஸ்ப்ரே ஒண்ணு வாங்கி வச்சீங்களே, அது எதுக்கு?”

கரகரப்பைப் போக்குவதற்கென்றே விற்கிற கான்டாக்ட் கிளீனர் அது. பெடலோடு சேர்த்து வாங்கினேன். விலையான சாமான், நல்ல நாளைக்கு ஆகும் என்று மூடியைக்கூடத் திறக்காமல் வைத்திருந்தேன். முந்தின வாரமே அடித்திருந்தால் பரணுக்கே சோலியில்லை. இதை நான் சொல்லவில்லை. அவள் முகம் சொன்னது.

வாசலில் சாக்கை விரித்து உட்கார்ந்தோம். அடுப்புப் பக்கம் ஸ்ப்ரே அடிக்கக்கூடாது என்று அவள்தான் வெளியே விரட்டினாள். முதலில் பாட்டரியைக் கழற்றினேன். பிறகு அடித்தகட்டின் நான்கு திருகாணிகள். பிசினை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்ததும், உட்கார்ந்துகொண்ட பொத்தான் மேலே வந்தது. ஒவ்வொரு குமிழின் அடியிலும் இருக்கிற சின்னச் சந்தில் கிளீனரை அடித்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருகிக்கொண்டே இருக்க வேண்டும். உள்ளே படிந்த அழுக்கு அப்படித்தான் கழன்று வரும். கை ஓய்ந்ததும் மனைவி வாங்கிக்கொண்டாள். அவளிடமிருந்து அத்தை வாங்கிக்கொண்டார்.

“இது என்ன மாப்ள, ரேடியோ மாதிரி கெடக்கு. ஒண்ணும் பாடக் காணமே.”

“கிதாரு மாட்டுனாத்தான் அத்தை பாடும்.”

“அப்ப வெரசா மாட்டுங்க. இந்தக் கூத்தக் காதாலயாவது கேப்போம்.”

மாட்டினேன். கரகரப்பு ஏறக்குறைய போயிருந்தது. அந்த ‘ஏறக்குறைய’வைத் தூக்கிக்கொண்டுதான் பஸ் ஏறினேன்.

சாயங்காலம் பழனிக் குடும்பம் பட்டும் ஸ்வெட்டருமாக நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. மணமகளான அம்மா கேட்டார்: “தாலி கட்டும்போது வாசிப்பாங்கள்ல, அது வருமா தம்பி?”

மணமகன் முனகினார். “காலையிலதான கட்டுனேன். மறுபடியுமா?”

நான் பெடலை மிதிக்கக் குனிந்தபோது மேனேஜர் பக்கத்தில் வந்து நின்றார். மூக்கைச் சுருக்கினார். “யாருய்யா பூண்டக் கருக விட்டது?” என்றபடி சமையலறைப் பக்கம் வேகமாக நடந்தார். அவர் தலை மறைந்ததும் மிதித்து முதல் சுரத்தை இழுத்தேன். பெடல் ஒரே ஒரு முறை கரகரத்தது. நான் கண்ணை மூடி, தலையை ஆட்டி, குமிழை அந்தக் கோடி வரை திருகித் திரும்பக் கொண்டுவந்தேன். அடைத்திருந்தது எதுவோ விட்டது. சுரம் நூல் பிடித்த மாதிரி நீண்டது. அந்த அம்மா சட்டென்று மடியில் வைத்திருந்த காலை மாலையிலிருந்து கைநிறையச் செவ்வந்தி இதழை உதிர்த்து வீட்டுக்காரர் தலையில் போட்டார். அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

மேனேஜர் திரும்பி வந்து, கைகட்டி நின்று கடைசி வரை கேட்டார். முடிந்ததும் என்னிடம் வந்தார்.

“கரகரப்பே இல்லையே. எங்க கொடுத்துச் சரி பண்ணீங்க?”

“வீட்லதான் சார். எல்லாருமாத் திருகுனோம்.”

பெரிய தொழில்நுட்பம் ஒன்றைக் கேட்டவர்போல அவர் தலையசைத்தார். “சரி, அடுத்த சனிக்கிழமை கொஞ்சம் முன்னாலயே வந்துருங்க. அடுப்படியில என்னமோ கருகிக்கிட்டே இருக்கு, ஒருத்தனும் ஒத்துக்க மாட்டேங்கிறான். ஆளுக வெளிய உக்காந்து பாட்டுக் கேட்டா வாடை தெரியாது.”

வந்துவிடுகிறேன் என்று சொல்லி, பெடலை வேகமாகப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தேன்.