நெய்வேலி ஏரிக்கரையில் ஓர் ஒப்பந்த நாள்

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். அழகாக இருக்கட்டும் என்று எதையும் சேர்க்க மாட்டேன். சங்கடமாக இருக்கிறதே என்று எதையும் விடவும் மாட்டேன். ஏரியின் பெயரை மட்டும் எழுதவில்லை. கூட்டம் வந்துவிடும் என்று ஊர்க்காரர்கள் கேட்டுக்கொண்டார்கள்.

நான் விழுப்புரத்தில் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். என் சித்தி செல்வி, நீர்நிலைகளைப் பாதுகாக்கும் ஒரு தொண்டு நிறுவனத்தில் இருக்கிறார். வெளிநாட்டு அமைப்புகளோடு சேர்ந்து செய்யும் திட்டங்களுக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு. அதைக் கேட்டால் எனக்கு விமானமும் பெரிய மாநாடும்தான் ஞாபகம் வரும். "அதெல்லாம் இல்லடி, பஸ்ல போய் ஒருத்தர் சொல்றத இன்னொருத்தருக்குப் புரிய வைக்கிற வேலை" என்பார் சித்தி. பொங்கல் விடுமுறை முடிந்த அடுத்த சனிக்கிழமை என்னையும் கூட்டிப்போனார். அன்று, சித்தியின் மூன்று வருட உழைப்பு ஒப்பந்தமாகிக் கையெழுத்தாகும் நாள்.

காலை ஏழரைக்கு விழுப்புரம் பேருந்து நிலையத்தில் ஏறினோம். பண்ருட்டி வழியாக நெய்வேலி ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். சாலை வேலை நடப்பதால் இரண்டு மணி நேரம் பிடித்தது. ஜன்னலோர இருக்கை வேண்டாம், புழுதி. வடக்குத்து தாண்டியதும் நெய்வேலி ஆர்ச் கேட்டில் இறங்கிவிடுங்கள். சுரங்க ஊழியர்களின் டவுன்ஷிப்புக்குள் போகிறவர்களுக்கும் அதுதான் வசதி.

ஏரிக்கு அங்கிருந்து ஆட்டோ. இருநூற்றைம்பது ரூபாய் கேட்டவர் இருநூறுக்கு ஒத்துக்கொண்டார். "டவுன்ஷிப்புல எந்த பிளாக்குங்க?" என்று கேட்டார். ஏரிக்கு என்று சித்தி சொன்னதும் திரும்பிப் பார்த்தார்.

"ஏரிக்கா? மீன் வாங்கவா?"

"பறவை பார்க்கங்க" என்றேன் நான்.

"வில்லுபுரத்துல இருந்து பறவ பாக்க வந்துகினு இருக்கீங்களா? எங்க வூட்டுக்கு வா பாப்பா, பதினோரு கோழி நிக்குது. டிக்கெட்டே இல்ல."

சித்தி சிரித்துவிட்டார். அன்று அவர் சிரித்தது அப்போது மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

டவுன்ஷிப்பின் அகலமான தெருக்களையும் மரங்களையும் ஓரமாகப் பார்த்துக்கொண்டே போனோம். ஷிப்ட் பஸ்கள் எதிரே வந்தன. தூரத்தில், நிலக்கரிச் சுரங்கத்தில் தோண்டிய மண்ணைக் கொட்டிக் கொட்டி எழுந்த மேடு, மலைபோலத் தெரிந்தது. சுரங்கத்துக்குள் ஊறும் நீரை இறைத்து வாய்க்காலில் விடுகிறார்கள். அந்த நீர் வந்து சேரும் ஏரிகளில் ஒன்றுக்குத்தான் நாங்கள் போனோம். கோடையிலும் தண்ணீர் நிற்பதால், ஏரிக்குள் இருக்கும் கருவேல மரங்களில் நத்தைக்குத்தி நாரைகள் கூடு கட்டுகின்றன. நாங்கள் போனபோது கூடுகளில் குஞ்சுகள் இருந்தன. சித்தியின் இருகண்நோக்கியில் ஒரு குஞ்சு வாயைத் திறந்து வைத்துக்கொண்டே இருப்பதைப் பார்த்தேன். தாய் எப்போது வரும் என்று அதற்கு எப்படித் தெரியும் என்று யோசித்தேன்.

ஜெர்மனியைச் சேர்ந்த ஹன்னா என்ற அம்மையார் சென்னையிலிருந்து காரில் வந்து சேர்ந்தார். அவர்கள் நாட்டிலும் பழுப்பு நிலக்கரி எடுத்த பெரிய குழிகளை ஏரிகளாக்கியிருக்கிறார்கள். அந்த அனுபவத்தோடும் நிதியோடும் அவருடைய அமைப்பு இந்த ஏரியைப் பாதுகாக்கும் திட்டத்தில் சேரவிருந்தது. ஒப்பந்தத்தில் மூன்று தரப்பு: அவர்கள், சித்தியின் நிறுவனம், ஊர். ஊர் கையெழுத்திடுவதை அவர்களுடைய ஆள் நேரில் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் விதி. ஹன்னாவுக்கு அன்று இரவே விமானம். மாலை ஆறே முக்காலுக்குக் கார் கிளம்பியாக வேண்டும். இந்தப் பயணத்தில் முடியாவிட்டால் இந்த முறைக்கான நிதி வேறு நாட்டு ஏரிக்குப் போய்விடும். சித்தி எனக்கு இதை முன்கூட்டியே சொல்லியிருந்தார்.

கூட்டம் மதியம் மூன்று மணிக்குக் கரையில், பந்தலில். மகளிர் குழுத் தலைவி தனலட்சுமி அக்காதான் ஊருக்காகக் கையெழுத்திட வேண்டியவர். அவர் முதலிலேயே சொல்லிவிட்டார்: "ஒவ்வொரு வரியும் ரெண்டு வாட்டி சத்தமா படிக்கணும். ஊர் மொத்தமும் கேக்கணும். ஊர் பாக்க வெளிச்சத்துல போடணும். எங்க தாத்தா காலத்துல சொரங்கத்துக்கு நெலம் எடுக்க காயிதம் வந்தப்ப படிக்கத் தெரிஞ்ச ஆளு ஊர்ல யாருமே இல்ல. ராவுல வெளக்குல வூடு வூடா ரேகை வச்சாங்க. அதுலேர்ந்து இந்த ஊர்ல படிச்சிக் கேக்காம, வெளிச்சம் இல்லாம யாரும் எதுலயும் கையெழுத்து போடறதில்ல."

தமிழ்ப் படியை வாசிக்கும் வேலையைச் சித்தி என்னிடம் கொடுத்தார். பேட்டரி மைக் முன்னால் நின்று தொடங்கினேன். "பாதுகாக்கப்பட்ட கரைப்பகுதி" என்று வாசித்ததும் ஒருவர் எழுந்தார்.

"அப்ப எங்க மாடு தண்ணி குடிக்க எங்க போவும்? ஜெர்மனிக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் பதிலுக்காகக் காத்திருந்தார்கள். சித்தி அதை ஹன்னாவுக்குச் சொன்னார், ஹன்னா சொன்னதைத் திரும்ப இவர்களுக்குச் சொன்னார். வடக்குப் பக்கம் மாடு இறங்கலாம் என்று பேனாவால் திருத்தினார்கள். பிறகு மீன்பிடி. பிறகு விறகு. ஒவ்வொரு திருத்தத்தையும் நான் மறுபடி இரண்டு முறை வாசித்தேன். எனக்குப் பொறுமை போனது என்பதையும் உண்மையாகவே எழுதுகிறேன். சித்திக்குப் போகவில்லை.

மாலையில் நடந்ததை எழுதும் முன், இந்தப் பக்கத்து ஏரிகளுக்குப் போக நினைப்பவர்களுக்குச் சில விவரங்கள். கடைசியில் எழுத எனக்கு மனம் வராது. மார்கழி, தை மாதங்கள் நல்லவை. காலை ஒன்பதுக்குள் அல்லது மாலை நாலரைக்கு மேல் போங்கள். குடிநீரும் தொப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள். கரையில் கழிவறையோ பறவை பார்க்கும் மறைவிடமோ இல்லை. அவை இரண்டும் ஒப்பந்தத்தின் பத்தொன்பதாவது விதியில் இருந்தன. ஆட்டோவைக் காத்திருக்கச் சொல்லுங்கள். திரும்பி வரும்போது கிடைக்காது. ஆர்ச் கேட்டிலிருந்து விழுப்புரம் பக்கம் போக இரவு ஒன்பது வரை பஸ் பார்த்தேன்.

ஐந்தே முக்காலுக்கு நான் பதினேழாவது விதியில் இருந்தேன். வெளிச்சம் குறைந்தது. அப்போது ஏழுமலை அண்ணன் ஜெனரேட்டரை இழுத்துவிட்டார். அவர் சுரங்கத்தில் காண்ட்ராக்ட் எலக்ட்ரீஷியன். வெளிநாட்டு விருந்தாளிக்காக வேலை முடிந்து வந்து மூன்று நாள் கட்டிய விளக்கு அலங்காரம் ஒரே நொடியில் ஒளிர்ந்தது. கரை நெடுக சீரியல் விளக்கு, வளைவில் 'நல்வரவு', நான்கு மூலையிலும் போகஸ் லைட். ஒன்று நேராக ஏரியைப் பார்த்து இருந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். ஹன்னா எழுந்து நின்று கும்பிட்டார். நான் தொடர்ந்து வாசித்தேன்.

இரண்டு விதி தாண்டியிருக்கும். பதில் சொல்லிக்கொண்டிருந்த சித்தி பாதியில் நிறுத்திவிட்டு மேலே பார்த்தார். இரை தேடப் போயிருந்த நாரைகள் திரும்பி வந்திருந்தன. மரத்துக்கு மேலே கூட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. ஒன்று தாழ வரும், வெளிச்சம் பட்டதும் மேலே போய்விடும். சுற்றுவது நிற்கவே இல்லை. கூடுகளிலிருந்து குஞ்சுகளின் சத்தம் மைக்கை மீறிக் கேட்டது.

இன்னும் நான்கு விதிகள் பாக்கி. மணி ஆறு இருபது.

சித்தி ஜெனரேட்டர் பக்கம் நடந்து போனார். நானும் பின்னால் போனேன்.

"ஏழுமலை, லைட்டப் பார்த்துத்தான் பறவைங்க எறங்க மாட்டேங்குது."

அவர் முகம் மாறியது. "உங்களுக்காகத்தான மேடம் போட்டேன். அம்மன் திருநாளுக்குக்கூட இவ்ளோ போட்டதில்ல."

"தெரியும்பா. ரொம்ப நல்லா இருக்கு. அதான் அணைக்கச் சொல்லிக் கேக்கக் கஷ்டமா இருக்கு. ஏரியப் பாத்தது மட்டும் அணைச்சா பத்தாது, பந்தல்ல ஒண்ணு எரிஞ்சாலும் மரம் வரைக்கும் தெரியுது."

தனலட்சுமி அக்காவும் வந்துவிட்டார். "அணைச்சா எப்படிப் படிக்கிறது?"

"போன் வெளிச்சத்துல பாப்பா படிக்கட்டுமே" என்றார் ஒருவர்.

"படிப்பா. கையெழுத்து?" என்றார் அக்கா. "இருட்டுல குனிஞ்சி போட்டது ஒரு தலமொறைக்குப் போதும். நான் போட மாட்டேன்." பள்ளிக்கூடத்துக்குப் போகலாமா என்று யாரோ கேட்டார்கள். ஒன்றரை கிலோமீட்டர். ஊரே நடந்து போய்ச் சேரும்போது கார் கிளம்பியிருக்கும். அக்கா சித்தியைப் பார்த்தார். "அணைச்சா இன்னிக்கி கெடையாது. அப்புறம் வருவாங்களா செல்வி?"

"வருவாங்கன்னு என்னால சொல்ல முடியாதுக்கா."

பொய் சொல்லியிருக்கலாம். "கண்டிப்பா வருவாங்க" என்று சொல்லியிருந்தால் எல்லோருக்கும் சுலபமாக இருந்திருக்கும். சித்தி ஹன்னாவிடம் போய் நடந்ததை அப்படியே சொன்னார். ஹன்னா கடிகாரத்தைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். கையில் தயாராக வைத்திருந்த பேனாவை மூடிப் பைக்குள் வைத்தார். தன் நிர்வாகக் குழுவிடம் பேசிப் பார்ப்பதாகவும், உறுதி சொல்ல முடியாது என்றும் சொன்னார். இதை எழுதும் இன்றுவரை பதில் வரவில்லை.

ஒப்பந்தத்தில் வரிக்கு வரி வந்த 'கூட்டாளி' என்ற சொல்லை நான் வெறும் பெயர்ச்சொல்லாகத்தான் படித்திருந்தேன். அன்று அங்கே நின்ற யாருக்கும் கிடைக்க வேண்டியது கிடைக்கவில்லை. ஆனாலும் யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. சித்தியின் வேலை என்னவென்று எனக்கு அப்போதுதான் கொஞ்சம் புரிந்தது.

தனலட்சுமி அக்கா என் கையிலிருந்த காகிதங்களை வாங்கி, நிறுத்திய பக்கத்தின் மூலையை மடித்துச் சித்தியிடம் கொடுத்தார். "மிச்சம் நாலு. வெச்சிக்க." பிறகு மைக்கில் ஊருக்குச் சொன்னார்: "எல்லாரும் கெளம்பாம கொஞ்ச நேரம் உக்காருங்க. பேசாதீங்க. ஏழுமல, நீயே அணச்சிடு."

ஏழுமலை அண்ணன் வேறு யாரையும் தொட விடவில்லை. ஏரியைப் பார்த்த போகஸ் லைட் முதலில், பிறகு மற்ற மூன்று, பிறகு சீரியல், கடைசியாக 'நல்வரவு'. ஜெனரேட்டர் நின்றது. கொஞ்ச நேரத்தில், இருட்டில் முதல் நாரை கூட்டில் இறங்கும் சிறகுச் சத்தம் கேட்டது.