வலது கையில் இருவாட்சி

சந்திரமதி அக்கா தேய்த்துக் கொடுத்த கால்சட்டையின் மடிப்பை விரலால் தடவிப் பார்த்த குமாஸ்தா ஒருவருக்கு மூன்று தையல் போட வேண்டியதாயிற்று. இதை மறுத்துப் பேச இன்று மலாக்காவின் காஜா பெராங்கில் ஆளில்லை. குமாஸ்தாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அக்காவின் டோபி கடை சாலையிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில் இருந்தது. பலகைச் சுவர், தகரக் கூரை, பின்னால் கிணறு, கிணற்றைச் சுற்றிப் பதினோரு கம்பிக் கொடிகள். ஆஸ்பத்திரி நர்சுகளின் வெள்ளை உடுப்பு, பாதிரிமாரின் அங்கி, செட்டியார் கடைகளின் வேட்டி எல்லாம் அங்கேதான் வெளுத்தன. ஒரு துணியைக் கையில் எடுத்தால் அதைப் போட்டவரின் ஜாதகமே சொல்வார். “இந்தக் கணக்கப்பிள்ளைக்கு வேலையே இல்ல. முழங்கை தேயல, உக்கார்ற இடம்தான் தேஞ்சிருக்கு” என்பார். கணவர் ஜப்பான்காரனால் சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துச் செல்லப்பட்டுத் திரும்பாதவர். அதற்குப் பிறகு அக்கா தனி ஆள். ஒரு கையில் கரி இஸ்திரிப்பெட்டி, மறு கையில் ஊர்ச் சங்கதி.

அவரிடம் ஒரு கதை இருந்தது. ஜப்பான்காரன் காலத்தின் கடைசி எட்டு மாதம், மலைக்காட்டில் பதுங்கியிருந்த வெள்ளைக்காரக் கமாண்டோக்களின் உடுப்பைத் துவைத்தது தாம்தான் என்பார். மரவள்ளிக்கிழங்கு விற்கும் சீனர் ஒருவர் சைக்கிள் கூடையில் கிழங்குக்கு அடியில் வைத்துக் கொண்டுவருவாராம். பச்சை உடுப்பைக் கொடியில் போட்டால் தலை போய்விடும். அதனால் முதலில் கமாண்டோ சட்டை, அதன் மேல் ஈரச் சாரோங். பக்கத்துக் கொடியிலேயே ஜப்பான் சார்ஜனின் உடுப்பு. “ரெண்டு படையும் பத்தடி தூரத்துல நின்னு சொட்டிக்கிட்டிருக்கும். நடுவுல நான் ஒருத்திதான் சமாதானம்” என்று சொல்லிவிட்டுத் தொடையில் தட்டிச் சிரிப்பார்.

ஊரும் சிரித்தது. கிழங்கு விற்றவர் சண்டை முடிந்த வருஷமே காய்ச்சலில் இறந்துவிட்டார். வேறு சாட்சி கிடையாது. “அக்கா, அந்த சார்ஜன் உங்களுக்குச் சோப்பு வாங்கிக் குடுத்தானா?” என்று கேட்டுவிட்டுப் பயல்கள் ஓடுவார்கள். மற்ற கதைகளைக் கிண்டல் செய்தால் அக்கா கூடச் சேர்ந்து சிரிப்பார். இதைக் கிண்டல் செய்தால் மட்டும் முகம் சுருங்கிவிடும். குனிந்து கரிப்பெட்டியை ஊதுவார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழு ஆகஸ்ட் பிறந்தது. மெர்டேக்கா, சுதந்திரம் வருகிறது! மலாக்கா முழுக்கக் கொடியும் காகிதத் தோரணமும். ஒவ்வொரு சங்கமும் ஒரு லோரியை அலங்கரித்து ஊர்வலத்தில் விட வேண்டும் என்று துடித்தது. எங்கள் காஜா பெராங் இளைஞர் மன்றத்துத் தலைவர் தியாகு, பேருந்து நடத்துநர். வாய் திறந்தால் பத்துத் தெருவுக்குக் கேட்கும். “பரதநாட்டியம் எல்லாரும் போடுவாங்க. நாம கமாண்டோ போடுவோம்! காட்டுலேருந்து எட்டுப் பேரு வெளிய வர்றாங்க, ஊரை மீட்கிறாங்க. லோரி மேல வாழை, மூங்கில், புகை!” என்றார். நாங்கள் எழுந்து நின்று கைதட்டினோம். அந்த எட்டுப் பேரில் ஒருவர்கூடப் பூப்பந்து மட்டையைவிடக் கனமான ஆயுதம் தூக்கியதில்லை.

ஆனால் அது அவசரகாலம். காட்டில் அப்போதும் கம்யூனிஸ்டுகள் இருந்தார்கள். பச்சை உடுப்பும் மரத் துப்பாக்கியுமாக எட்டுப் பேர் தெருவில் இறங்கினால் ஊர்வலம் நேரே லாக்கப்பில் போய் முடியும். போலீஸ் ஒரு நிபந்தனை போட்டது. அந்தக் கமாண்டோ பிரிவில் உண்மையாகவே இருந்த ஒருவர், உடுப்பும் சின்னமும் சரியென்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஒன்று தப்பினாலும் அனுமதி இல்லை. அப்படி ஒருவர் ஜாசின் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் துரையாக இருந்தார். முப்பதாம் தேதி மத்தியானம் வந்து பார்ப்பதாகச் சொல்லி அனுப்பினார்.

தியாகு சிங்கப்பூருக்குப் போய்ப் பழைய ராணுவத் துணி ஒரு மூட்டை வாங்கிவந்தார். அதைப் பிரித்துப் பார்க்க டோபி கடையைவிட நல்ல இடம் ஏது? மூட்டை அவிழ்ந்ததும் பூஞ்சை நாற்றம் சந்து முனைவரை போனது. பெருமாள் கோயிலே நடை சாத்திவிட்டதாகக் கேள்வி. அக்கா சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாக உதறினார்.

“இது சமையக்காரன் சட்டை. வயித்துப் பக்கம் எண்ணெ. வேணாம். இது லோரி ஓட்டினவன்து, முதுகு தேஞ்சிருக்கு. வேணாம். இது... சீ, இவன் சட்டைக் கையிலயே மூக்கைச் சிந்தியிருக்கான்!”

“அக்கா, மூக்கு கமாண்டோவுக்கும் உண்டுலா” என்றான் தேவதாஸ். இவன் தியாகுவின் தம்பி, தபால் நிலையத்தில் வேலை. எட்டுப் பேரில் ஒல்லியானவன்.

“உண்டு. ஆனா அவன் காட்டுல மூக்கைச் சிந்தினா சத்தம் கேட்டுச் சுட்டுடுவாங்க. எடுத்து அந்தப் பக்கம் போடு.”

தேவதாஸ் சிவப்புத் தொப்பி ஒன்றை மாட்டிக்கொண்டு, தோளில் தங்க நிறக் கயிறு சுற்றி, நெஞ்சில் நான்கு பதக்கம் குத்திக்கொண்டு வந்து நின்றான். பதக்கங்களில் ஒன்று நாய்க் கண்காட்சியில் கொடுத்தது. அக்கா ஏற இறங்கப் பார்த்தார்.

“பொண்ணு வீட்டுக்காரங்க எப்ப வர்றாங்க தம்பி?”

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. சிவப்புத் தொப்பி, கயிறு, பதக்கம் எல்லாம் போயின. காக்கிச் சட்டைகள் பெரிய அண்டாவில் பச்சைச் சாயத்தோடு கொதித்தன. தளிர்ப் பச்சை வந்ததும் தியாகு துள்ளினார். அக்கா கறுப்பு ஒரு பிடி போட்டார், மறுபடி கொதிக்கவிட்டார், மறுபடி பார்த்தார். “பாசிப் பச்சை வரணும். மழையில நனைஞ்சா மரத்தோட மரமா நிக்கணும்.” மூன்றாவது கொதியில் அந்த நிறம் வந்தது. அக்காவின் முகத்தில் பன்னிரண்டு வருஷம் உதிர்ந்ததைப் பார்த்தேன்.

சின்னம் என் வேலை. எனக்கு அப்போது பத்தொன்பது வயது, படம் நன்றாக வரும். அக்கா சொல்லச் சொல்ல வரைந்தேன்: கறுப்புத் துணியில் வெள்ளை இருவாட்சிப் பறவை, காலில் ஒரு குத்துவாள். மூக்கின் வளைவு சரியாக வரும்வரை ஒன்பது தடவை அழிக்கச் சொன்னார். எட்டுச் சின்னமும் தைத்து முடித்தேன். எந்தக் கையில் வைப்பது என்று கேட்டேன்.

“வலது கை. தோள் தையலுக்குக் கீழ ரெண்டு விரக்கடை.”

தியாகு விழித்தார். தோட்டத்து ஆள் கொண்டுவந்த துரையின் கடிதத்தில் ‘இடது கை’ என்று தெளிவாக எழுதியிருந்தது.

“அக்கா, தொரை இடதுன்னு எழுதியிருக்காரு.”

“தொரை மறந்துட்டாரு. இடது தோள்ல துப்பாக்கி தொங்கும். வார் உரசி உரசிப் பறவை மூக்கு பிஞ்சிரும். அதனால வலதுல மாத்திட்டாங்க. நான் துவைச்ச அத்தனை சட்டையிலயும் வலதுதான்.”

“அவரு போட்டவரு அக்கா!”

“நான் துவைச்சவ.”

இடதில் தைத்தால் வம்பே இல்லை, துரை கையெழுத்துப் போட்டுவிடுவார். வலதில் தைத்தால் எட்டுப் பேரின் மெர்டேக்காவும் அக்காவின் ஒரு சொல்லில் தொங்கும். அக்கா எழுந்து முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தியாகுவைப் பார்த்தார்.

“தம்பி, இடதுல தைக்கிறதுன்னா தாராளமா தைச்சுக்க. ஆனா அப்புறம் அந்தக் கதை பொய்னு நானே ஒத்துக்கிட்டதா ஆயிரும். வலதுல தைச்சு, அது தப்புன்னு தெரிஞ்சா, இனி இந்த ஊர்ல கமாண்டோங்கிற பேச்சை எடுக்கவே மாட்டேன். எந்தக் கதையும் பேச மாட்டேன். வாயைத் தைச்சுக்குவேன்.”

சந்திரமதி அக்கா பேசாத காஜா பெராங்கை நினைத்துப் பார்த்தேன். மசூதியும் கோயிலும் மாதா கோயிலும் இல்லாத மலாக்கா மாதிரி இருந்தது.

தியாகு தலையைச் சொறிந்தார். பேருந்தில் டிக்கெட் கிழிப்பதுபோல விரலைச் சொடுக்கினார். “வலதுலயே தைங்க!”

முப்பதாம் தேதி. துரையின் ஜீப் சந்துக்குள் நுழையவில்லை, இறங்கி நடந்து வந்தார். பனைமரத்துக்குச் சட்டை போட்ட உயரம். கக்கத்தில் காகிதம் சுற்றிய சட்டம் ஒன்று. டோபி கடை வாசலில் எட்டுப் பேரும் வரிசையாக நின்றார்கள். தேவதாஸுக்குக் கால் உதறிய உதறலில் மண்ணில் குழி விழுந்தது. துரை பேசியது தோட்டத்துத் தமிழ். கங்காணியிடம் கற்றது, மரியாதை விகுதி இன்னும் வந்து சேரவில்லை.

“நெறம் ரொம்ப நல்லா இருக்கு. தொப்பி சரி. பெல்ட்டு சரி. பறவை...” குனிந்து பார்த்தார். “பறவை ரொம்ப அழகு!” என் காதில் இரண்டு ஜிமிக்கி கூடிவிட்ட மாதிரி இருந்தது. மறுகணம் நிமிர்ந்தார். “ஆனா கை தப்பு. லெட்டர்ல நான் என்னா எழுதுனேன்? லெஃப்ட்டு.”

தியாகுவின் பெருங்குரல் எங்கேயோ போய்விட்டது. “அக்கா வலதுன்னு சொன்னாங்க, தொரை” என்று முனகினார்.

“எந்த அக்கா?”

“நான்தான்” என்றார் அக்கா, கரிப்பெட்டியைக் கீழே வைக்காமலே.

துரைக்குக் கோபம் வரவில்லை. பாவம் பார்ப்பதுபோல் சிரித்தார், அதுதான் எங்களுக்குக் கலக்கமாக இருந்தது. காகிதத்தைப் பிரித்தார். கண்ணாடிச் சட்டத்துக்குள் பெரிய புகைப்படம். அவரேதான், இளமையில், தாடியோடு, மூங்கில் குத்து ஒன்றின் முன்னால் நிமிர்ந்து நிற்கிறார். “பன்னெண்டு வருசமா என் பங்களா சுவத்துல இருக்கு. தெனம் காலையில பாக்குறேன். பாரு.”

பார்த்தோம். இருவாட்சி இடது கையில்தான் இருந்தது. சந்தேகமே இல்லை. எட்டுத் தலையும் ஒன்றாகத் தொங்கின. அடுத்த வீட்டு ஜெயா வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, “அடக் கடவுளே, கதைக்காரியை நம்பி...” என்று ஆரம்பித்தார்.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கினார். வெளிச்சத்துக்குத் திருப்பினார். மூக்கு கண்ணாடியில் படும் அளவுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார்:

“ஏன் தொரை, சண்டைக்குப் பொம்பளை சட்டையா போட்டுக்கிட்டுப் போனீங்க?”

தியாகு கண்ணை மூடிக்கொண்டார்.

“என்னா?”

“ஆம்பளை சட்டையில பட்டன் வலது பக்கம், காஜா இடது பக்கம். இடதுதான் வலது மேல மூடும். பொம்பளை சட்டைன்னா தலைகீழு. ஒரு நாளைக்கு நூறு சட்டைக்குப் பட்டன் போட்டு மடிக்கிறேன், கண்ணை மூடிக்கிட்டே சொல்வேன். இந்தப் படத்துல வலது மேல ஏறி இடதை மூடியிருக்கு.” விரலால் தொட்டுக் காட்டினார். “உங்க சட்டைல தப்பில்ல தொரை. படத்தைக் கழுவினவன் பிலிமைத் திருப்பி வச்சுட்டான். இடது வலதாயிருச்சு, வலது இடதாயிருச்சு.”

துரை படத்தைப் பிடுங்காத குறையாக வாங்கினார். பட்டனைப் பார்த்தார். பிறகு படத்தில் தம் மணிக்கட்டைப் பார்த்தார். கைக்கடிகாரம் வலது கையில் இருந்தது. தம் கையைத் தூக்கிப் பார்த்தார். கடிகாரம் இடது கையில், வாழ்நாள் முழுக்கக் கட்டிய இடத்தில், டிக் டிக் என்று ஓடிக்கொண்டிருந்தது.

“மை காட்” என்றார். முகம் மிளகாய்ச் சிவப்பாயிற்று. “தெனம் பாத்து, பாத்து... படத்தை நம்பிட்டேன். ஆமா! துப்பாக்கி வார்! மாத்துனோம்!” சட்டென்று நிமிர்ந்தார். “ஆனா இது காட்டுக்குள்ள நடந்தது. உனக்கு எப்படித் தெரியும்?”

“உங்க சட்டைக் கழுத்து அளவு பதினாறரை. மேல் பையில எப்பவும் புகையிலைத் தூள். உதறாம ஊற வச்சா தண்ணி காப்பியாயிரும். வாரம் தவறாம உதறினேன், ஒரு வாரமாவது நீங்களே உதறி அனுப்பியிருக்கக் கூடாதா?”

துரை அந்த இடத்திலேயே, துணி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். “டவுன்ல ஒரு டோபி இருக்கான்னு கெழங்குக்காரன் சொல்லுவான். பேரு கேட்டா சொல்ல மாட்டான். நான் அது ஒரு ஆம்பளைன்னு...” எழுந்து, தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். முதல் தடவையாக அவர் தமிழில் மரியாதை ஏறியது. “ரொம்ப நன்றிங்க, அம்மா.”

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். கண்ணில் கரிப்புகை பட்டுவிட்டது என்றார். கரிப்பெட்டி அணைந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது.

கையெழுத்து விழுந்தது! தியாகு போட்ட கூச்சலில் கிணற்றுத் தவளைகள் வெளியே குதித்தன. மறுநாள் எங்கள் லோரி ஜாலான் பெண்டஹாரா வழியாகத் திரும்பியபோது, நகைக்கடை, துணிக்கடை மாடியெல்லாம் தலைகள். மூங்கிலுக்குள்ளிருந்து எட்டுப் பேர் பாய்ந்து வெளியே வந்தார்கள், புகை ஏறியது, கூட்டம் “மெர்டேக்கா! மெர்டேக்கா!” என்று முழங்கியது. தேவதாஸ் கால் உதறாமல் நின்றான். லோரி ஓட்டுநருக்குப் பக்கத்தில், புதுப் பட்டுச் சேலையில், அக்கா உட்கார்ந்திருந்தார். துரை சொன்ன நிபந்தனை அது: அவர் ஏறாவிட்டால் கையெழுத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வேன் என்றிருந்தார். ஜெயாவே ஓடிவந்து ஜன்னல் வழியாக அக்காவுக்குப் பூ வைத்துவிட்டார்.

அன்றோடு காஜா பெராங்கில் அக்கா பேச்சுக்கு எதிர்ப்பேச்சு ஒழிந்தது. துரையையே திருத்தியவர், அவர் சொன்னால் இருக்கும் என்றார்கள். அடுத்த வாரமே அக்கா புதிதாக ஒன்று சொன்னார். மலாக்கா ஆற்று முதலை ஒன்று, வெள்ளத்தில் வந்து, கொடியில் காய்ந்த நீதிபதியின் அங்கியை மாட்டிக்கொண்டு போய்விட்டதாம். மூன்றாம் நாள் அழுக்கானதும் அதுவே திரும்பக் கொண்டுவந்து போட்டதாம்.

கேட்டுக்கொண்டிருந்த யாரும் சிரிக்கவில்லை. தியாகு மட்டும் கவலையோடு முன்னால் குனிந்தார்.

“கஞ்சி போட்டுக் குடுத்தீங்களா அக்கா?”