பல்கேரியச் சாப்பாடு

நான் படிகள் துடைக்கும் கட்டடத்தின் மூன்றாம் மாடியில், ஒரு வயதான இத்தாலிய அம்மாவை, சிஞோராவை, பராமரிக்க ஒரு பல்கேரியப் பெண் இருக்கிறாள். என் வயதுதான். இருவரும் இத்தாலியனில்தான் கதைப்போம் என்றாலும், அவள் சொன்னவை எல்லாம் என் நினைவில் எங்கள் தமிழாகவே நிற்கின்றன. அவளுடைய கதையில் பாதி சாப்பாடு. தன் ஊர்த் தயிரைப் பற்றித் தொடங்கினால் நான் இரண்டு மாடி துடைத்து முடித்துவிடுவேன்.

போன கோடையில் ஒருநாள் முகமெல்லாம் சிரிப்பாக இறங்கி வந்தாள். பெரிய கடைத்தெருவான வியா மக்வேதாவுக்குப் பின்னால் ஒரு சந்தில் பல்கேரியச் சாப்பாட்டுக் கடை திறந்திருக்கிறதாம்.

"வியாழக்கிழமை என்ரை பிறந்தநாள். மத்தியானம் எனக்கு லீவு. நீ கட்டாயம் வரவேணும்."

போனேன். உள்ளே போனதுமே பழைய எண்ணெயும் அடைத்த குழாயும் சேர்ந்த வெடில். மேசை விரிப்பில் வைத்த முழங்கை ஒட்டிக்கொண்டது. அவள் ஒன்றையும் கவனிக்கவில்லை. எனக்கும் சேர்த்து அவளே சொன்னாள்: வெள்ளரிக்காய் போட்ட குளிர்ந்த தயிர் சூப், சீஸ் வைத்துச் சுட்ட ஒரு பணியாரம்.

சூப் வந்த அதே நேரம் ஊரிலிருந்து அவளுடைய மகள் போன் எடுத்தாள். "நீ சாப்பிடு, சாப்பிடு" என்று கையால் காட்டிவிட்டு அவள் வாசலுக்குப் போய்விட்டாள்.

கோப்பைக்குள் பார்த்தேன். மேலே மஞ்சள் தண்ணீர் பிரிந்து நின்றது. அடியில் சாம்பல் நிறத்தில் ஏதோ திரைந்து கிடந்தது. வெள்ளரித் துண்டுகள் அழுகத் தொடங்கிய நகம்போல வழுவழுவென்றிருந்தன. ஒரு கரண்டி வாயில் வைத்தேன். ஊறவைத்து மறந்துபோன பால் சட்டியைக் கழுவும்போது வருமே ஒரு புளிப்பு, அது தொண்டைவரை ஏறியது. கண்ணாடிக்கு வெளியே நின்று அவள் சிரித்தபடி தலையாட்டினாள். விழுங்கினேன். அப்படி விழுங்கி விழுங்கி அரைக் கோப்பை போய்விட்டது. பணியாரத்தைப் பிட்டால் எண்ணெய் விரல் வழியே வழிந்தது. உள்ளேயிருந்த சீஸ் காயாத தரைத்துணிபோல மணத்தது. அதிலும் இரண்டு வாய் தின்றேன்.

அவள் வந்து உட்கார்ந்து ஒரு கரண்டி எடுத்தாள். உடனே கடதாசியில் துப்பினாள்.

"இது பழுதாப்போன சாமான். எப்பிடிச் சாப்பிட்டனி?"

"உங்கடை நாட்டிலை இப்பிடித்தானாக்கும் எண்டு நினைச்சன்."

அவள் கடதாசியைக் கசக்கி மேசையில் போட்டாள். "எங்களை அப்பிடி நினைச்சியோ?"

அவள் எழுந்து நேரே குசினிக்குள் போனாள். நானும் பின்னால் போனேன். அடுப்படியில் நின்றவர் திரும்பினார். எங்கள் ஆள். ஐம்பது வயதிருக்கும், நெற்றியில் திருநீறு.

"தமிழோ அக்கா?"

"ஓம். நீங்களோ இதைச் சமைச்சது?"

"முதலாளி இந்த ஊர் ஆள். போனிலை வீடியோ காட்டினவர், அதைப் பாத்துச் செய்யிறன். பல்கேரியா எந்தப் பக்கம் எண்டும் எனக்குத் தெரியாது."

அடுப்புக்குப் பக்கத்தில், அந்தச் சூட்டில், ஒரு வாளித் தயிர் திறந்தபடி இருந்தது. அதன்மேல் ஏடு குமிழியிட்டு உப்பியிருந்தது. ஓரத்தில் ஈ.

"தயிர் பழுதெண்டு தெரியேல்லையோ?"

"தெரியும். சொன்னனான். தண்ணி விட்டுக் கலக்கிக் குடு எண்டிட்டார்." பிறகு, எனக்கு ஆறுதல் சொல்வதுபோல, "நான் இஞ்சை ஒண்டும் வாயிலை வைக்கிறேல்லை அக்கா. வீட்டிலையிருந்து சோறு கொண்டுவாறன்" என்றார்.

மூலையில் அவருடைய சாப்பாட்டுப் பெட்டி துடைத்துச் சுத்தமாக இருந்தது. அதைப் பார்த்தபோது வந்த அருவருப்பு சூப்பைப் பார்த்தபோதுகூட வரவில்லை.

வியா மக்வேதா வரைக்கும்தான் என்னால் தாக்குப்பிடிக்க முடிந்தது. ஒரு வாசனைத் திரவியக் கடையின் முன்னால், உல்லாசப் பயணிகள் விலகி விலகி நடக்க, சத்தி எடுத்தேன். அவள் என் தலைமயிரைப் பிடித்துக்கொண்டு அவர்களை முறைத்தபடி நின்றாள். இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை.

நான் அப்படி நினைத்ததை அவளால் விட முடியவில்லை. அந்த மாதமே, சிஞோரா படுத்திருந்த ஒரு மத்தியானம், என்னை மேலே கூப்பிட்டுக் குசினிக் கதிரையில் இருத்தினாள். "இது நான் சமைச்சது" என்று ஒரு கோப்பையை வைத்தாள். மாட்டுக்குடலைப் பாலில் அவித்த சூப். மேலே சிவப்பு எண்ணெய், பக்கத்தில் உள்ளிப் பல் ஊறிய வினாகிரி. குசினி பளபளவென்றிருந்தது, எல்லாம் புதுச் சாமான். ஆனால் குடலும் பாலும் சேர்ந்த அந்த மணம் மூக்கில் பட்டதுமே ஓங்காளித்தது. ஒரு கரண்டி குடித்தேன். வாய்க்குள் வழுக்கிக்கொண்டு ஓடியது. அதோடு கரண்டியை வைத்துவிட்டேன்.

"கோவிக்காதை. இதுவும் எனக்குச் சரிவராது."

"கடைச் சாப்பாடு மாதிரியோ?"

"இல்லை. இது நல்ல சாமான். எனக்குத்தான் பிடிக்கேல்லை."

"அப்பச் சரி" என்று கோப்பையைத் தன் பக்கம் இழுத்து, பாணைப் பிய்த்துத் தோய்த்து, திருப்தியாகச் சாப்பிடத் தொடங்கினாள். நான் பல்கனிக் கதவைத் திறந்து வெளியே நின்றேன். உள்ளறையிலிருந்து சிஞோராவின் குரல் கேட்டது: என்ன சமைக்கிறாய், நல்ல மணமாக இருக்கிறது, எனக்கும் கொண்டுவா.