பார்சல் என்றால் நான்

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் பார்சல் என்றால் பரோட்டா. வெள்ளிமலைக்கு ஏறும் ஜீப்பில் பார்சல் என்றால் நான். ஒன்பது வயதில் அதில் எனக்குச் செம கெத்து.

ஜீப் என் தாய்மாமாவுடையது. அடிவாரம் தாண்டிவிட்டால் மேலே போய்ச் சேரும்வரை யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்பது அவருடைய கண்டிஷன். மலையில் இருப்பது பேரைக் கேட்டுக்கொண்டு, பிறகு தானும் கூப்பிடுமாம். தெரியாமல் ஒரு தடவை பதில் கொடுத்துவிட்டால், அடுத்த தடவை கூப்பிடும்போது அந்தப் பேருக்குரியவர் இறங்கிப் போயே தீர வேண்டுமாம்.

அதனால் ஏறும்போதே மாமா ஆளுக்கொரு இங்கிலீஷ் வார்த்தை கொடுத்துவிடுவார். மலைக்கு இங்கிலீஷ் வராது என்பது அவர் நம்பிக்கை. பின்னால் தொங்கிக்கொண்டு வரும் பெட்டிக்கடைக்காரர் பிரேக். அம்மா ஹெட்லைட். அவள் மடியில் நான் பார்சல். டிக்‌ஷனரி எழுதியவன் கேட்டிருந்தால் கதறியிருப்பான். எங்களுக்கு அதுதான் அர்த்தம். பெட்டிக்கடைக்காரரை ரேஷன் கடையில்கூட பிரேக் அண்ணன் என்றுதான் கூப்பிட்டார்கள். சில சமயம் மாமா ஒரு வார்த்தையைத் திடீரென்று மாற்றிவிடுவார். கேட்டால், "அது பழசாயிடுச்சி" என்பார். பழசானால் என்ன என்று யாரும் மேற்கொண்டு கேட்கமாட்டார்கள்.

ஐப்பசி மாதம். யூனிஃபார்ம் துணி வாங்கிக்கொண்டு நானும் அம்மாவும் மாமாவோடு திரும்பிக்கொண்டிருந்தோம். மதியம்தான், ஆனால் பனி மூடி ரோடே தெரியவில்லை. ஒரு வளைவில் ரேடியேட்டர் சூடாகிவிட்டது. மாமா இறங்கி பானெட்டைத் தூக்கித் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அம்மா தூங்கிவிட்டாள்.

பின்பக்கம், சரிவிலிருந்து, மாமாவின் குரல் கேட்டது.

"பார்சல்."

"இன்னா மாமா?" என்றேன்.

மாமா முன்பக்கத்திலிருந்து வந்தார். கையில் தண்ணீர் கேன்.

"யாருக்குடி பதில் சொன்ன?"

"நீதான கூப்ட."

அவர் என்னைத் திட்டவில்லை. சரிவுப் பக்கம் திரும்பினார். பிறகு அந்தப் பக்கமாகவே, காது கேளாதவரிடம் பேசுவதுபோல், நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"பார்சலு நான்தான். இது கொயந்த, தெரியாம பேசிடுச்சி."

அம்மா விழித்திருந்தாள். வீடு போய்ச் சேரும்வரை என் மணிக்கட்டை விடவில்லை. அவள் நகம் பதிந்த இடம் ராத்திரி எரிந்தது.

மறுநாளே மாமா ஜீப்பின் நெற்றியில் சிவப்புப் பெயிண்டில் பார்சல் என்று எழுதிக்கொண்டார். இனி தன்னைத்தான் அப்படிக் கூப்பிட வேண்டும் என்று ஊர் முழுக்கச் சொல்லிவைத்தார். மறந்துபோய் என்னை அப்படிக் கூப்பிட்ட பிரேக் அண்ணனின் சட்டையைப் பிடித்துவிட்டார். எனக்குப் புதிதாக ரிவர்ஸ் என்று கொடுத்தார். வகுப்பில் எல்லாரும் சிரித்தார்கள். இவ்வளவு பெரிய ஆள் ஒரு சின்னப் பெண்ணின் பேரைத் திருடுவாரா என்று எனக்கு ஆத்திரம். அவரோடு பேசுவதை நிறுத்தினேன். டவுனிலிருந்து எனக்கென்று வாங்கிவந்த தேன்மிட்டாயை அவர் கண்ணெதிரே நாய்க்குப் போட்டேன். அவர் அதற்கும் சிரித்தார்.

அடுத்த ஐப்பசியில், அதே வளைவில், ஜீப் மட்டும் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க நின்றது. ரோட்டில் நிமிர்ந்தபடி தண்ணீர் கேன். ஒரு சொட்டு சிந்தவில்லை.

பிரேக் அண்ணன்தான் வந்து சொன்னார். சரிவிலிருந்து ஒரு பொட்டப் புள்ளையின் குரல் பார்சல் என்று கூப்பிட்டதாம். மாமா கேனைக் கீழே வைத்துவிட்டு, "தோ வர்றேன்" என்று டீ குடிக்கப் போவதுபோல இறங்கிப் போனாராம். குரல் அப்படியே என்னுடையது மாதிரி இருந்தது என்று சொல்லிவிட்டு, அவர் என்னைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டார்.

மூன்று நாள் தேடினார்கள். ஜீப்பை ஓட்டிவந்து எங்கள் வாசலில் விட்டார்கள். அம்மா என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் அவள் தோளுக்கு மேலாக அந்தச் சிவப்பு எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாமா இல்லை, அப்படியென்றால் பேர் மறுபடியும் எனக்குத்தான் என்று தோன்றியது. யாருக்கும் கேட்காமல் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.