பிடோக்கில் இல்லாத குன்று

மைலோ டின்னைக் காதருகே வைத்துக் குலுக்குகிறார் உர்சுலா. பிறகு மூடியின் விளிம்பை நகத்தால் சுரண்டுகிறார். "இது ஏற்கெனவே தொறந்த டின்னு மாதிரி இருக்கே, தம்பி?" எதிரே நிற்கும் இளைஞர் ரசீதைத் தேடிச் சட்டைப் பையைத் துழாவுகிறார். நீட்டினாலும் பயனில்லை. ரசீது இந்த டின்னுக்குத்தானா என்பது அடுத்த கேள்வி.

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில், ஊருக்குப் பார்சல் அனுப்பும் சிறிய கடை அது. கட்டுமான வேலைக்கு வந்த பிள்ளைகள் வீட்டுக்கு வாங்கிய சாமான்களை அட்டைப் பெட்டியில் அடைத்துத் தூக்கி வருவார்கள். உர்சுலா ஒவ்வொன்றையும் பிரித்து, முகர்ந்து, அமுக்கிப் பார்த்த பிறகே பெட்டிக்கு நாடா ஒட்டுவார்.

"இந்தம்மா பாவசங்கீர்த்தனத்துக்குப் போனா சாமியாரையே குறுக்கு விசாரணை பண்ணும் லா" என்பார் முதலாளி முகமது இஸ்மாயில்.

"பண்ணத்தான் வேணும், பாய். ரெண்டு வாரமா ஒரே பிரசங்கம் வைக்கிறாரு."

காப்பிக்கடையில் பாலும் சீனியும் இல்லாத தேநீர், 'தே ஓ கொசோங்', வாங்கினால், கடைக்காரர் முன்னாலேயே ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் நகர்வார். பேருந்தில் பயண அட்டையைத் தட்டியதும் நின்று, எவ்வளவு கழித்தது என்று திரையைப் படிப்பார். பின்னால் வரிசை முனகும். கணவர் போன பிறகு வந்த குணம் என்று சிலர் சொல்வார்கள். இல்லை. அவர் இருந்தபோதும், அவருடைய சாப்பாட்டு டப்பா காலியாகத் திரும்பி வந்தால் உர்சுலா அதை முகர்ந்துதான் பார்த்தார்.

பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து சக்தி என்ற பெண் கடை எண்ணுக்கு அடிக்கடி கூப்பிடுவாள். கணவன் இளமாறன் அனுப்பிய பெட்டி எங்கே வருகிறது என்று கேட்பாள். ஒருநாள் பெட்டியைப் பற்றிக் கேட்கவில்லை. ஒரு படத்தை அனுப்பினாள். பச்சைக் குன்று, அதன் மேல் கேபிள் கார் கம்பி, தூரத்தில் துறைமுகப் பளுதூக்கிகள், கடல். கீழே இளமாறன் எழுதியிருந்தான்: 'பிடோக். என் ரூம் ஜன்னல்லேருந்து.'

"அக்கா, வேலைக்கு வந்தவங்களுக்கெல்லாம் இந்த மாதிரி வீடு குடுப்பாங்களா? யாரு வீடுக்கா அது? ஞாயித்துக்கிழமை எங்கப்பா வர்றாரு, என்னைக் கூட்டிட்டுப் போக."

உர்சுலா குடியிருப்பதே பிடோக்கில்தான். அவர் வீட்டு ஜன்னலில் நங்கூரமிட்ட கப்பல்கள் தெரியும். குன்றோ கேபிள் காரோ தெரியாது. அவரும் உடனே மனதுக்குள் ஒரு பெண்ணை அந்த வீட்டில் குடிவைத்துவிட்டார்.

அடுத்த முறை பெட்டியோடு வந்த இளமாறனிடம் படத்தைக் காட்டினார். அவன் முகம் சிறுத்துவிட்டது.

"ஃப்ரெண்டு வீடுக்கா."

"ஃப்ரெண்டுக்குப் பேரு இல்லியா?"

அவன் சோப்புக் கட்டிகளை அடுக்கிக்கொண்டே இருந்தான். அன்று அவன் பெட்டியை உர்சுலா அடிவரை கவிழ்த்துப் பார்த்தார். குழந்தைக்கு வாங்கிய செருப்பும் தைலப் புட்டிகளும்தான் இருந்தன. அதுவும் அவருக்குத் திருப்தி தரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் புக்கிட் மேராவுக்குப் பேருந்து ஏறினார். குன்றும் கம்பியும் அந்தப் பக்கத்தவை. படத்தைக் கையில் வைத்துக்கொண்டு அடுக்குமாடி வீடுகளில் புளோக் புளோக்காக ஏறி இறங்கினார். ஒரு பழைய நீள புளோக்கின் மேல்மாடித் தாழ்வாரத்தில் காட்சி பொருந்தத் தொடங்கியது. ஆனால் பக்கத்துக் கட்டடம் குன்றில் பாதியை மறைத்தது. முன்னால் நடக்க நடக்கக் குன்று வெளியே வந்தது. தாழ்வாரம் முடிந்தது. படத்தில் இருப்பதுபோல முழுக் குன்றும் தெரிய, இன்னும் நாலடி போக வேண்டும். அங்கே வெறும் காற்றுதான்.

கீழே இறங்கி அண்ணாந்து பார்த்தார். புளோக்கின் பக்கவாட்டுச் சுவர், கூரைவரை ஒரே தகடாக நின்றது. பெரிய எண் எழுதிப் புதுச் சாயம் பூசியிருந்தார்கள். அந்தச் சுவரில் ஒரு ஜன்னல்கூட இல்லை. கம்பி வடத்தில் தொங்கும் தொட்டிக்குள் நின்று சாயம் அடிக்கும் ஆள் மட்டுமே அந்தக் குன்றை அப்படிப் பார்த்திருக்க முடியும்.

இளமாறனைப் போனில் கூப்பிட்டார். சுவரில் இருந்த எண்ணைச் சொல்லி, ஜன்னல் எங்கே என்று கேட்டார்.

"எங்க ஊருப் பையன் ஒருத்தன் மேலேருந்து விழுந்துட்டான்க்கா, போன வருசம். ஒசர வேலைக்குப் போக மாட்டேன்னு சக்திகிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன். விடுதியில பதினாறு பேரு, ஜன்னலத் தொறந்தா செவுரு. அன்னைக்கு மேலேருந்து பாத்தப்ப அழகா இருந்திச்சு. ரூம்னு எழுதிட்டேன்."

"அவ வேற பொம்பளைன்னு நெனச்சுக்கிட்டு ஊரைக் கூட்டுறா."

"நெனச்சுக்கட்டும்க்கா. கோவம் ஆறிடும். தொங்குறேன்னு தெரிஞ்சா தூங்க மாட்டா. சொல்லிராதீங்க. நாளைக்கே உள்வேலை மாத்திக் கேக்குறேன், நம்புங்க."

"உன் பேச்சை நம்பி இதுவரைக்கும் ஒரு பெட்டியாவது அனுப்பியிருக்கேனா?" என்று சொல்லித் தொடர்பைத் துண்டித்தார்.

பிறகு சக்தியைக் காணொளியில் அழைத்தார். அவள் தலை வாரி, வெளியூர் போகும் புடவை கட்டியிருந்தாள். பின்னால் வாசலில் ஒரு பெரியவர் பையோடு நின்றார். உர்சுலா போனைச் சுவர்ப் பக்கம் திருப்பினார்.

"என்னக்கா, செவுருதான் தெரியுது. அவ வீடு எது?"

"நீயே தேடு."

"ஜன்னலே இல்லியே."

"இல்ல. ஆனா இந்தச் செவுத்துலேருந்துதாம்மா அந்தப் படம் எடுத்திருக்கான். வேலை செய்யுறப்ப."

"என்னம்மா சொல்றாங்க, கெளம்பலாமா?" என்று பெரியவர் கேட்டார். சக்தி முகத்தைத் திரையருகே கொண்டுவந்தாள்.

"எத்தனாவது மாடிக்கா?"

உர்சுலா போனைச் சுவரின் உச்சியை நோக்கி மெல்ல மேலே தூக்கினார். கை முழுதாக நீண்ட பிறகும், குதிகாலை எக்கி, இன்னும் கொஞ்சம் உயர்த்தினார்.