சட்டைப் பைக்குள் ஒரு கப்சூல்

கோழி கழுவுவதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. மற்ற எதற்கும் நான் வாய் திறக்காதவள். கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையில் எல்லாரும் கோழியை ஒருதரம் கழுவினால் நான் மூன்றுதரம் கழுவுவேன். முதலில் உப்பு, பிறகு மஞ்சள், பிறகு தேசிக்காய். குழாயை முழுதாகத் திறந்துவிட்டு, என் மூக்குக்கண்ணாடி வரைக்கும் தண்ணீர் தெறித்தால்தான் எனக்குக் கழுவின மாதிரி இருக்கும்.

போன வருஷம் மாதா கோயில் திருநாளுக்கும் அப்படித்தான் கழுவினேன். பலகையில் வைத்து வெட்டின இறைச்சியை அடுப்பில் ஏற்றிவிட்டு, அதே பலகையை ஒரு துடைப்புத் துடைத்து, அதிலேயே வெள்ளரிக்காய் வெட்டினேன். கறி நன்றாகக் கொதித்தது. வெள்ளரிக்காய் கொதிக்கவில்லை. அதில் ஒரு விஷயம் இருக்கிறது என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

எனக்குப் பல் சரியில்லை. அதனால் வெள்ளரிக்காய் முழுவதும் என் புருஷனுக்குத்தான் போனது. பக்கத்து வீட்டுக்காரிக்கு ஒரு கிண்ணத்தில் கறி மட்டும் அனுப்பினேன்.

அடுத்த நாள் மத்தியானம் இவருக்கு வயிற்றோட்டமும் காய்ச்சலும். இவர் துறைமுகத்தில் கிளாக்கராக இருந்து பென்சன் எடுத்தவர். மருந்துப் போத்தலில் உள்ள இங்கிலீசை வாசிப்பார் என்பதால் தன்னை அரை டொக்டர் என்று நினைப்பு.

பின்னேரம் பக்கத்து வீட்டுக்காரி கிண்ணத்தைத் திருப்பிக் கொண்டுவந்தாள். எங்கள் ஒழுங்கையில் கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுத்தால் மரியாதை இல்லை. இரண்டு வாழைப்பழம், இல்லாவிட்டால் ஒரு கை சீனி, அதுவும் இல்லாவிட்டால் ஒரு இணுக்குக் கறிவேப்பிலையாவது இருக்கும். அன்றைக்குக் கிண்ணத்துக்குள் ஐந்து கப்சூல் கிடந்தன, சிவப்பும் மஞ்சளுமாக.

"அக்கா, அண்ணைக்குச் சுகமில்லையாம் எண்டு கேள்விப்பட்டன். இது மகளின்ர தொண்டை நோவுக்குத் தந்தது. மூண்டு நாளில மாறிட்டுது, மிச்சத்தை எடுத்து வச்சனான்."

"தொண்டைக்குத் தந்தது வயித்துக்குக் கேக்குமோ?"

"தொண்டையால தானே அக்கா வயித்துக்குப் போறது?"

உள்ளே படுத்திருந்த இவர், "சரியாத்தான் சொல்லுறா. கொண்டு வா" என்றார்.

இரண்டு நாளில் நாலைக் குடித்தார். காய்ச்சல் கொஞ்சம் இறங்கியது. ஐந்தாவதைச் சட்டைப் பைக்குள் போட்டு, "அடுத்தமுறைக்கு இருக்கட்டும்" என்றார். அடுத்தமுறை மறுநாள் காலையிலேயே வந்துவிட்டது. உடம்பு நடுங்கியது, கண் செருகியது. திரீவீலர் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

போகிற வழியிலும் இவருக்கு வாய் ஓயவில்லை. "இஞ்ச, குளிசை குடிச்சதைச் சொல்லிப் போடாத. ஏசுவினம்."

"நான் எங்க அவையோட கதைக்கப் போறன்?" என்றேன். அது உண்மைதான். டொக்டர்மாரிடம் என் முழங்கால் நோவைக்கூட இவர்தான் இத்தனை வருஷமாகச் சொல்லி வந்தார். எந்தக் கால் என்பதை மட்டும் அடிக்கடி மாற்றிச் சொல்வார்.

வார்டில் சேலைன் ஏற்றினார்கள், மருந்தும் கொடுத்தார்கள். இரண்டாம் நாளும் காய்ச்சல் இறங்கவில்லை. இவருடைய பேச்சுக் குழறத் தொடங்கியது. இளம் டொக்டர் பிள்ளை ஒருத்தி கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்று, வீட்டில் ஏதாவது மருந்து குடித்தீர்களா என்று சிங்களத்தில் கேட்டார். இவர் கண்ணைத் திறக்காமலே, "நே, நே" என்றார். இல்லையாம்.

டொக்டர் பிள்ளை நர்ஸ் மிஸ்ஸிடம் மெதுவாகச் சொன்னது எனக்கு விளங்கியது. இரத்தப் பரிசோதனை வர இன்னும் ஒரு நாள் ஆகுமாம். இந்த வயதில் அதுவரைக்கும் தாங்குவாரோ தெரியாதாம். முன்னம் என்ன குடித்தார் என்று தெரிந்தால் வேறு மருந்துக்கு இப்போதே மாறலாமாம்.

அவர் அடுத்த கட்டிலுக்குத் திரும்பினார். இவருடைய முகத்தைப் பார்த்தேன். பிறகு, வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அது என்னுடைய சத்தம்.

"பொரு கியன்னே, மிஸ்!" பொய் சொல்கிறார் என்று சொல்லிவிட்டேன்.

தலையணைக்குக் கீழே மடித்து வைத்திருந்த சட்டையை இழுத்து, பைக்குள் கிடந்த கப்சூலை எடுத்து நீட்டினேன்.

"இது எந்த பாமசியில வாங்கினது?" என்று டொக்டர் பிள்ளை திரும்பி வந்து கேட்டார்.

"அல்லப்பு கெதரின்" என்றேன். பக்கத்து வீட்டிலிருந்து. "கிண்ணத்துக்குள்ள வந்தது."

நர்ஸ் மிஸ் சிரிப்பை அடக்கச் சுவர்ப் பக்கம் திரும்பினார். டொக்டர் பிள்ளை சிரிக்கவில்லை. கேட்டுக் கேட்டு எல்லாவற்றையும் எழுதினார். கோழி, பலகை, வெள்ளரிக்காய் எல்லாம் சொன்னேன். இது கோழியிறைச்சியில் வருகிற கிருமியாக இருக்கும் என்றார். சில பண்ணைகளில் கோழிகளுக்கும் இந்த மாதிரி மருந்துகளைக் கொடுத்துக் கொடுத்துக் கிருமி அதற்குப் பழகிப்போகிறதாம். பாதியில் நிறுத்தி மிச்சத்தைக் கைமாற்றுகிற எங்களைப் போன்றவர்களும் அதைப் பழக்குகிறார்களாம். கழுவுவதால் கிருமி சாகாதாம், வீடெல்லாம் தெறிக்குமாம். அடுப்புச் சூடுதான் அதைக் கொல்லுமாம்.

"இனிமேல் கோழியைக் கழுவ வேண்டாம்" என்றார்.

"கழுவாமலா?" என்றேன். அதுவரை வார்டில் கேட்ட செய்திகளில் இதுதான் பயங்கரம்.

அன்றைக்கே மருந்தை மாற்றி நரம்பால் ஏற்றினார்கள். மறுநாள் வந்த பரிசோதனைக் கடதாசியும் அதையே சொன்னது. இவர் குடித்த கப்சூலைக் கிருமி கணக்கெடுக்கவே இல்லையாம். அதற்கடுத்த நாள் காய்ச்சல் விட்டது. இவர் கஞ்சி கேட்டார், பேப்பர் கேட்டார், தலையணை சரியில்லை என்றார். ஆள் திரும்பி வந்துவிட்டார் என்று தெரிந்தது.

டொக்டர் பிள்ளை வந்து, இன்றைக்கு எத்தனைதரம் வயிற்றால் போனது என்று கேட்டார்.

"ரெண்டு" என்றார் இவர், வீட்டுக்குப் போகிற அவசரத்தில்.

டொக்டர் பிள்ளை எழுதவில்லை. என்னைப் பார்த்தார். நான் வாய் திறக்காமல் நாலு விரலைக் காட்டினேன். அவர் நாலு என்று எழுதினார்.

"எனக்குத்தானே வயித்தால போகுது!" என்று இவர் கத்தினார். "என்னட்டக் கேளுங்கோவன்!"