ரிஸ்னா வாசித்த நாவல்

கல்முனைக்குடியில் ஒரு சிறிய நூலகத்தில் வேலை செய்கிறேன். "வாசிக்க நல்ல கதையொண்டு தாங்க மிஸ்" என்று பள்ளி மாணவி ரிஸ்னா கேட்டபோது, ஒட்டி வளர்ந்த அண்ணனும் தங்கையும் மெல்ல மெல்லப் பிரிந்துபோகும் ஓர் இளையோர் நாவலைச் சிபாரிசு செய்தேன்.

நான்கைந்து நாள் கழித்து அவளுடைய உம்மா பதறிக்கொண்டு ஓடிவந்தார்.

"மிஸ், புள்ள கிளாஸுக்குப் போகல்ல. எங்க தேடியும் காணல்ல. நீங்க தந்த புத்தகத்த வாசிச்சி நேத்து முழுக்க அழுதாள். அதுல என்னதான் இருக்கு?"

அந்த நாவலின் முடிவில் தங்கை வீட்டை விட்டே போய்விடுவாள். அதை உம்மாவிடம் சொல்லவில்லை.

"ரிஸ்னாக்குக் காக்கா, அண்ணன் யாரும் இருக்காங்களா?" என்று கேட்டேன்.

"ஓம், மூத்தவன். வாப்பாவோட கோவிச்சிக்கிட்டுக் கோமாரி ஊருக்குப் போனவன். ஊட்டுல அவன்ட பேரே எடுக்கிறல்ல."

"அவருக்கு ஒருக்கா கோல் எடுங்க."

முதல் அழைப்பை யாரும் எடுக்கவில்லை. மறுபடி அழைத்தபோது ஓர் ஆண்குரல் கேட்டது.

"உம்மா, தங்கச்சி இங்கதான் இருக்காள். தனிய பஸ்ஸுல வந்திருக்காள். ஏசாதீங்க, நானே ஊட்ட கூட்டிட்டு வாறன்."

உம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "மகன் ஊட்ட வாறானாம் மிஸ்" என்று விம்மினார்.

அந்த நாவலை இன்றும் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறேன். ஆனால், வாசித்து முடித்ததும் முதலில் என்னிடம் வந்து கதைக்கும்படி சொல்லித்தான் கொடுக்கிறேன்.